வெறுந்தொட்டிக்குக் காவல்

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, முற்றத்து வேப்பமரத்தடியில் வரிசையாக வைத்திருந்த மண்தொட்டிகளின் முன்னால் நான் குந்தியிருந்தபோது, வாசல் தெளிக்க வரும் அம்மாள் என்னைச் சற்று நேரம் இரக்கத்தோடு பார்த்துவிட்டு, "என்ன அய்யா, வெறும் மண்ணுக்குக் காவல் இருக்கீக?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆறு தொட்டிகளிலும் ஒரு பச்சை இலை கிடையாது. ஒன்றிரண்டில் வைக்கோல் நிறத்தில் காய்ந்த தண்டு சரிந்து கிடந்தது. மற்றவற்றில், அடையாளத்துக்காக நான் குத்தி வைத்திருந்த பனைமட்டைச் சிம்பைத் தவிர வேறொன்றும் இல்லை. மண்ணுக்குள் செங்காந்தள் உறங்குகிறது என்று சொன்னேன். "செத்ததும் உறங்குறதும் பார்க்க ஒண்ணாத்தேன் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வார்த்தை என்னைச் சுருக்கென்று குத்தியதற்குக் காரணம் உண்டு. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு அதே இடத்தில் இருந்த நான்கு தொட்டிகளைச் செடி பட்டுப்போயிற்று என்று தீர்மானித்து, மண்ணோடு எடுத்துப் பின்கட்டுக் குப்பைமேட்டில் கவிழ்த்தவன் நானேதான். ஐப்பசியில் அடைமழை பிடித்து மூன்று வாரம் சென்றபின், குப்பைமேட்டை ஒட்டியிருந்த கருவை வேலியின் மேல், யாரும் நடாத, யாரும் நீர் வார்க்காத இரண்டு கொடிகள் ஏறி நின்றதையும், கார்த்திகை தீபத்தன்று எங்கள் வீட்டு அகல்விளக்குகளுக்குப் போட்டியாக அவற்றில் ஏழு பூக்கள் எரிந்துகொண்டிருந்ததையும் கண்டபோது, தோட்டம் போடுவதைப் பற்றி முப்பது வருஷமாக நான் கொண்டிருந்த அபிப்பிராயங்களில் பெரும்பாலானவை எங்கிருந்தோ இரவல் வாங்கியவை என்பது எனக்குப் புலப்பட்டது.

எங்கள் ஊருக்கு உப்பூர் என்று பெயர் வைத்தவர் யாராயினும், அவர் அலங்காரமாகப் பேசத் தெரியாத மனிதர். தேவிபட்டினத்துக்கு வடக்கே, தொண்டி போகும் கடற்கரைச் சாலையில், எங்கள் ஊர் வெயிலுகந்த விநாயகர் பெயருக்கேற்ப வெயிலைத் தம்மேல் வாங்கிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். சேது கட்டப் புறப்பட்ட இராமபிரான் அவரை முதலில் தொழுதபின்பே தேவிபட்டினம் சென்றார் என்பது ஸ்தல புராணம். தெய்வத்துக்கு வெயில் உகந்தது சரி. செடிக்கு நீர் வேண்டுமே! கிணற்றில் இறைத்தால் உவர். ஆழ்துளைக் கிணறு போட்டால் அதைவிட உவர். இராமநாதபுரம் ஜில்லாவில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறதென்றால், அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. எஞ்சிய ஒன்பது மாதமும் ரோஜாவுக்கும் குரோட்டனுக்கும் நாம் வார்ப்பது உப்புத் தண்ணீரே; அதைக் குடித்த இலையின் ஓரம் தீய்ந்து சுருளும், தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் பொருக்குப் பூக்கும், பங்குனி பிறப்பதற்குள் தோட்டமே ஒரு வைத்தியசாலையாகிவிடும். இந்தக் கரையில் வீட்டுத் தோட்டம் என்பது வருஷம் முழுவதும் பச்சையாய் இருந்தே தீரவேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, வானத்து நீர் இனிப்பாய் இறங்கும் காலத்தில் விழித்து, அது நின்றதும் மண்ணுக்குள் இறங்கிப் படுத்துக்கொள்ளும் கிழங்குச் செடிகளை நாம் ஆதரிக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்த விஷயம். உறங்குகிற செடிக்கு உப்பு நீர் கொடுக்க வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை.

கிழங்குப் பூ என்றவுடன் நம்மில் படித்தவர்களின் மனம் காஷ்மீரத்துக்கோ ஹாலந்துக்கோ போய்விடுகிறது. ஸ்ரீநகரில் தால் ஏரிக்கு எதிரே மலைச்சரிவில் 2007-ஆம் வருஷம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ட்யூலிப் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்த ஆவேசத்தில், நானும் ஒரு தபால் வியாபாரியிடம் ட்யூலிப் குமிழ்கள் பன்னிரண்டும், காய்ந்த சுக்குத் துண்டு போன்ற அனிமோன் கிழங்குகள் இருபதும் வரவழைத்தேன். ட்யூலிப்புக்கு மூன்று நான்கு மாதம் கடுங்குளிர் வேண்டும் என்று எழுதியிருந்தபடியால், அவற்றைக் காகிதப் பையில் சுற்றிக் குளிர்ப்பெட்டியின் காய்கறி அறையில், நண்டுக் குழம்புக்கு அண்டை வீடாக வைத்தேன். ஆவணி முதல் கார்த்திகை வரையில் அந்தப் பையை நகர்த்தி நகர்த்தி வைத்த என் மனைவி அதைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதுவது உசிதமன்று. நட்டபின் ஆளுக்கு இரண்டு இலை விட்டன. அவ்வளவுதான். அனிமோன்களோ ஐப்பசி ஈரத்தில் ஒரு வாரத்தில் அழுகிக் கரைந்துபோயின.

ஆனால் அந்த நஷ்டத்தில் ஒரு லாபமும் இருந்தது. அழுகிப்போன கிழங்குகளின் பூர்வீகத்தை விசாரிக்கப்போனபோது, சைக்ளமென், அனிமோன் முதலிய, ஆங்கிலத் தோட்டப் புஸ்தகங்கள் வசந்தத்தின் தூதர்களாகக் கொண்டாடும் சிறு கிழங்குப் பூக்களில் பல, மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையான துருக்கி, சிரியா, லெபனான், பாலஸ்தீனம் ஆகிய பிரதேசங்களுக்குரியவை என்று அறிந்துகொண்டேன். அங்கே மழை பெய்வது குளிர்காலத்தில். கோடை முழுவதும் வறட்சி. மழையோடு விழித்து, பூத்து, காய்த்து, வெயில் ஏறும்போது இலையை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும் சுபாவத்தை அவை அந்த வறட்சியிடமிருந்து கற்றன. நம்முடைய வெப்பம் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையே தவிர, அவற்றின் தத்துவம் உப்பூருக்கு அந்நியமானதே அன்று. பஞ்சாங்கத்தில் வசந்த ருது சித்திரையில் பிறக்கிறது. எங்கள் மண்ணுக்குள் இருக்கும் கிழங்குக்கு அது ஐப்பசியில் பிறக்கிறது.

அந்தத் தத்துவத்தை நம் பக்கத்தில் பூரணமாய்ப் பயின்ற செடி காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர் என்று பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறார்கள். ஆனால் உயிரோடு அதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு வகுப்பில் கைதூக்கச் சொன்னால் ஆசிரியரின் கையும் சேர்த்துக் கீழேயே இருக்கும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்குகிறபோது முதலில் வைப்பது காந்தளை. அந்தப் பாட்டு அடங்கிய பத்துப்பாட்டை உ.வே. சாமிநாதையர் 1889-இல் அச்சேற்றியதிலிருந்து அறிஞர்கள் அதைப் பற்றி எழுதிய காகிதத்தில் நூற்றிலொரு பங்கு அளவுக்காவது மண்ணில் கிழங்கு ஊன்றியிருந்தால் நான் இன்று இதை எழுத வேண்டியிருந்திராது.

கிழங்கைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். சிறு கலப்பையைப் போல இரண்டு கவடாகப் பிரிந்திருக்கும்; கலப்பைக்கிழங்கு என்று நம்மவரும், லாங்கலி என்று வடமொழியாளரும் பெயரிட்டது அதனாலேயே. ஒவ்வொரு கவட்டின் நுனியிலும் ஒரு கண் இருக்கிறது. அந்த நுனி முறிந்தால் அந்தக் கவடு முளைக்காது. பச்சை முருங்கைக் கொம்பைப் போல் சொடுக்கென்று முறியும் பண்டமாதலால், கிழங்கை எடுத்துக் கொடுக்கிற கைக்கும் நடுகிற கைக்கும் நிதானம் வேண்டும். ஐம்பது அறுபது கிராமுக்குக் குறையாத கிழங்காய் இருந்தால் முதல் வருஷமே பூக்கும். விதை போட்டு வளர்ப்பவர்கள் பூவைக் காண மூன்று நான்கு வருஷம் பொறுக்க வேண்டும். உள்நாட்டில் பாசனத்தோடு பயிரிடுபவர்கள் ஆடிப் பட்டத்தில் நடுகிறார்கள். மழையை மட்டும் நம்பியிருக்கும் எங்கள் கரைக்கு, ஆவணிச் சதுர்த்தியில் விநாயகருக்குத் தேர் ஓடி முடிந்த பிறகு, புரட்டாசியின் முதல் மழைக்குச் சற்று முன்னால் நடுவதே பொருத்தம் என்பது என் அநுபவம். செம்மண்ணும் மணலும் மக்கிய சாணமும் கலந்து, தரைக்கு ஒரு முழம் உயரமாக மேடு கட்டி, நான்கு விரற்கடை ஆழத்தில் கிழங்கைப் படுக்க வைத்து மூடவேண்டும். மேடு கட்டாமல் தரையில் வைத்தால் உவர்மண்ணில் தேங்கும் நீரில் கிழங்கு அழுகும்; இந்தச் செடிக்கு வறட்சியைவிடப் பெரிய சத்துரு தேக்கமே.

முளை வந்தபின் நாம் செய்யவேண்டியது, பக்கத்தில் முள்ளில்லாத சுள்ளிகளை நட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான். மற்றக் கொடிகளைப் போல் இதற்குத் தனியே பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. மொட்டு பச்சை நிறமாய்த் தலைகவிழ்ந்து தோன்றும். விரியும்போது ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து மேலே ஏறி நின்றுவிட, ஆறு கேசரங்களும் காற்றில் மடங்கிக்கொண்ட குடையின் கம்பிகளைப் போல் வெளிப்புறமாக நீட்டிக்கொண்டிருக்கும். முதல் நாள் அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாய் இருக்கும் பூ, நாளுக்கு நாள் சிவப்பு கீழே இறங்கி, ஒரு வாரத்துக்குள் முழுவதும் இரத்தச் சிவப்பாகிவிடும். சூல்தண்டோ நேராக நீளாமல், தன் பூவின் மகரந்தத்தோடு தனக்கு உறவே இல்லை என்பதுபோல், பக்கவாட்டில் செங்கோணமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் விதைக்காக இதை ஏக்கர் கணக்கில் பந்தலிட்டு வளர்க்கிற விவசாயிகள், காலை வேளைகளில் ஒவ்வொரு பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்க்க ஆள் வைப்பது இந்தப் பிடிவாதத்தின் பொருட்டே.

அவர்கள் அத்தனை பிரயாசை எடுத்துக்கொள்வது பூவின் அழகுக்காக அன்று. விதையில் கால்ச்சிசின் என்னும் சத்து இருக்கிறது. கீல்வாதம், பாதவாதம் என்றெல்லாம் பெயர் மாறி வழங்கும் வாதங்களில், பெருவிரல் மூட்டு வீங்கி மனிதனை அலறவைக்கும் கவுட் நோய்க்கு அது மருந்து. தாவர ஆராய்ச்சியாளர்கள் 1937 முதல் செல்லின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கிப் புதிய பயிர்வகைகளை உண்டாக்கப் பயன்படுத்தி வருவதும் அதுவே. மருந்தாக இருப்பது அளவு தப்பினால் விஷம். கிழங்கு, தண்டு, விதை எல்லாமே விஷம். வள்ளிக்கிழங்கு என்று எண்ணித் தின்று உயிர் போனவர்கள் உண்டு. ஆகையால் இதைச் சமையற்கட்டுக்குப் பக்கத்திலோ, கிழங்கு வகைகள் போடும் பாத்தியிலோ வைக்கலாகாது. தவழும் குழந்தையும், மேய்ந்து திரியும் ஆடும் உள்ள வீட்டுக்காரர் வேறு செடி பார்த்துக்கொள்வது நலம். மற்றவர்களும் கிழங்கைத் தொட்ட கையை உடனே கழுவ வேண்டும். இந்த எச்சரிக்கையை நான் தாழ்ந்த குரலில் சொல்லவில்லை. ஆனால் அரளியை வாசலில் வைத்துக்கொண்டு காந்தளை மட்டும் விஷமென்று ஒதுக்குகிறவர்களின் தர்க்கம் எனக்கு விளங்கவில்லை.

வேறு ஆட்சேபங்களும் உண்டு. உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று பாமரர் சொல்லுகிறார்கள். கண்வலிக்கிழங்கு என்ற பெயருக்கு அதையே காரணமாகவும் காட்டுகிறார்கள். நான் மூக்குக்கண்ணாடியோடும் இல்லாமலும் நாலைந்து வருஷமாக உற்றுப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வீட்டில் கலகம் உண்டாகும் என்று சிலர். வடமொழியில் கலிகாரி என்று ஒரு பெயர் இருப்பதும் வாஸ்தவமே. எங்கள் வீட்டில் கலகம் உண்டாக்கியது ட்யூலிப். பண்டிதர் ஒருவர், காந்தள் குறிஞ்சித் திணைக்குரிய பூ, நெய்தல் நிலத்தில் அதை வைப்பது மயக்கம் என்று என்னைக் கண்டித்தார். செடிக்குத் திணை இலக்கணம் தெரியாது. எங்கள் கரைக்கு வடக்கே வேதாரணியத்து மணலில் அது வேலி வேலியாகப் படர்ந்ததும், பின்பு அங்கேயே பயிராக ஏற்றம் பெற்றதும் ஊரறிந்த விஷயம். கடல் கடந்தாலும் அதன் கௌரவம் குறையவில்லை. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வேயின் தேசிய மலர் இதுவே. 1947-இல் இளவரசி எலிசபெத்தின் இருபத்தோராவது பிறந்தநாளுக்கு அந்நாட்டுப் பிள்ளைகள் காசு சேர்த்து வழங்கியது இந்தப் பூவின் வடிவில் செய்த வைரப் பதக்கம். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் அக்கரையில், கார்த்திகைப்பூ என்ற பெயரோடு அதற்கு ஒரு துக்கத்தின் கனமும் சேர்ந்திருக்கிறது. அது தனியே எழுத வேண்டிய கதை.

காந்தள் ஒன்றையே பிடித்துக்கொண்டு நான் மற்றவற்றை மறந்துவிட்டதாக எண்ண வேண்டாம். விரல் நீளப் பனங்குருத்தைப் போல் இலைவிட்டு, மண்ணைத் தொட்டுக்கொண்டே மஞ்சள் நட்சத்திரமாய்ப் பூக்கும் நிலப்பனை, ஒரு சாண் இடத்தில் அடங்கும். நரிவெங்காயம் இதற்கு நேர்மாறு: பங்குனி சித்திரையின் கொடும் வெயிலில், ஓர் இலைகூட இல்லாமல், வெறும் மணலிலிருந்து ஈர்க்குப் போன்ற தண்டை நீட்டி, பொழுது சாயும்போது மங்கிய நிறத்தில் சின்னஞ்சிறு பூக்களை விரிக்கும். வசந்தம் என்ற சொல்லைப் பஞ்சாங்கப்படி நடத்திக்காட்டுகிற செடி எங்கள் பக்கத்தில் அது ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. அதுவும் விஷமே. பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கிழங்குத் தோட்டத்தில் பெரியது எது என்றால், எங்கள் ஊருக்கு மேற்கே, நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பெயர்பெற்ற இராஜசிங்கமங்கலம் கண்மாயையும் அதன் சிற்றுறவினராகிய ஊருணிகளையும் காட்டுவேன். வைகாசியில் அவற்றின் வயிறு வெடித்துக் கிடக்கும், ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள், பையன்கள் மட்டையும் பந்துமாய் ஓடுவார்கள். அவர்கள் ஓடும் தரைக்குக் கீழே, உலர்ந்த சேற்றுக்குள், அல்லியும் நெய்தலும் கொட்டியும் கிழங்காய்ச் சுருண்டு கிடக்கின்றன. மார்கழியில் அதே இடத்தில் இடுப்பளவு நீரில் பூ மிதக்கும். நீர் வற்றும் சமயத்தில் பெண்கள் சேற்றைத் துழாவிக் கொட்டிக்கிழங்கு எடுத்து வந்து அவித்துக் கொடுத்ததை என் வயதினர் தின்றிருக்கிறோம். என் அப்பத்தா உப்புப் போட்டு அவித்ததன் கசப்புக் கலந்த மாவு ருசி எனக்கு இன்னும் நாக்கில் நிற்கிறது. கண்மாயை வெறும் பள்ளமென்று கோடையில் வந்து அளந்து, வண்டல் வாருகிறேன் என்று இயந்திரம் விட்டு ஆள் ஆழத்துக்குத் தோண்டுகிறவர்களும், மாசி மாதத்தில் தொட்டியைக் கவிழ்த்த நானும் ஒரே ஜாதி. தூர் வாரத்தான் வேண்டும். ஆனால் ஓரமாக ஒரு பாகத்தையாவது தொடாமல் விட்டுவைத்தால் பூவுக்கு விதை மிஞ்சும்.

இன்னொரு காரியமும் சொல்ல இருக்கிறது. இந்த ஜில்லாவில் முன்பு கொல்லைக்கும் தோப்புக்கும் கிளுவைப் போத்து நட்டு வேலி அடைப்பார்கள். காந்தளும் கோவையும் பிரண்டையும் அந்த வேலியின் நிழலில் காலை வைத்துக்கொண்டு, தலையை வெயிலில் நீட்டிப் பிழைத்தன. சீமைக்கருவை வந்து வேலியையும் கொல்லையையும் ஒன்றாக விழுங்கியபின், ஏறுவதற்குக் கொம்பும் இல்லை, முளைப்பதற்கு இடமும் இல்லை என்றாயிற்று. இப்போது நீதிமன்றம் வரை போய், இயந்திரம் வைத்துக் கருவையைப் பெயர்த்தெடுக்கிறார்கள், நல்லதே. பெயர்த்த இடத்தில் என்ன வைப்பது என்ற கேள்விக்கு மட்டும் சிமெண்டுத் தூணும் முள்கம்பியுமே விடையாக வருகின்றன. பஞ்சாயத்துக்காரர்கள் ஒரு பர்லாங்கு தூரமாவது கிளுவைப் போத்து நட்டு, அதனடியில் காந்தள் ஊன்றிப் பார்க்கலாம். முருகனுக்கு உகந்த பூவாதலால் கோயில் நந்தவனங்களும் ஒரு வேலியை இதற்கு ஒதுக்கலாம். கிழங்குக்காகக் காட்டையும் கரட்டையும் தோண்டவேண்டிய அவசியமில்லை. அப்படித் தோண்டித் தோண்டித்தான் பல இடங்களில் அது அருகிப்போயிற்று. பயிரிடுகிற விவசாயிகளிடமே விலைக்கு வாங்கலாம். நான் மாநில மலரின் கிழங்கு வேண்டும் என்று கேட்டுப் போன ஒரு நாற்றங்காலில், பெயரைக் கேட்டவர் முதலில் விழித்து, பிறகு சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டி, "இதுவா?" என்றார். படம் நன்றாகத்தான் இருந்தது.

கார்த்திகையில் இந்தச் செடி வைத்திருப்பவருக்கு ஒரு சிறு உபத்திரவம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்: கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாய்ப் புள்ளி வைத்த ஒரு புழு, இரண்டு இரவில் கொடியை மொட்டையாக்கிவிடும். மருந்து தெளிப்பதைவிட, காலையில் காப்பி குடிப்பதற்கு முன்பு குச்சியால் தட்டி எடுத்துவிடுவது சுலபம். தை பிறந்ததும் இலை பழுக்கத் தொடங்கும். அப்போது நீரை நிறுத்திவிட வேண்டும், பச்சை மாறாத தண்டை வெட்டக்கூடாது, அந்த இலைகள் சேர்த்து வைக்கிற சத்துத்தான் அடுத்த வருஷத்துக் கிழங்கு. பழைய கிழங்கு சுருங்கி உமியாகிவிட, அதன் இடத்தில் புதிய கலப்பை ஒன்று உருவாகியிருக்கும். சில சமயம் இரண்டு. அப்படிப் பெருகித்தான், குப்பைமேட்டில் தப்பிய இரண்டும் இப்போது பதினொன்றாகியிருக்கின்றன. ஆறு என் தொட்டிகளிலேயே இருக்கட்டும். வேலி அடைக்கிற உத்தேசம் உள்ளவர்கள் யாராவது சதுர்த்திக்கு உப்பூர் வந்தால், கொண்டுபோக மிச்சம் ஐந்து இருக்கிறது. முறியாமல் எடுத்துப் போகப் பனையோலைக் கொட்டான் கொண்டு வரவேண்டும்.